ஒண்ணும் தெரியல

மாயவனின் சிறுகுடல் எந்த அளவுக்குச் சுருங்கியிருக்கிறது என்று தெரிந்தால்தான் ஆபரேஷனுக்கு அனுப்ப முடியும். அடைத்துக்கொண்ட பிறகு அனுப்பினால் பிழைப்பது கஷ்டம். டாக்டர் அஸ்லத்தின் கவலை அதுதான்.

மாயவன் மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாருகிறவர். குடலில் புண்ணும் வீக்கமும் வந்து இரண்டு வருஷம் ஆகிறது. முதலில் டி.பி. என்று மாத்திரை கொடுத்தார்கள். பிறகு பாண்டிச்சேரியில் பின்வழியாகக் குழாய் விட்டுப் பார்த்து, இது வேறு நோய் என்றார்கள். அதற்காகக் குடித்த பேதி மருந்து பஸ்ஸிலேயே வேலையைக் காட்டிவிட்டது. "கொன்னாலும் இன்னொரு தபா டியூப் விட வரமாட்டேன் சார்" என்று சொல்லிவிட்டார்.

சில வெளிநாடுகளில் வயிற்றின்மேல் வைத்துப் பார்க்கும் ஸ்கேனிலேயே குடலின் தடிப்பை அளக்கிறார்கள் என்று அஸ்லம் படித்திருந்தார். சுனாமிக்குப் பிறகு கூனிமேட்டில் திறந்த சின்ன ஆஸ்பத்திரியில் அவருக்கு வேலை. அங்கே ஸ்கேன் கிடையாது. திண்டிவனத்தில் ஸ்கேன் சென்டர் வைத்திருந்த டாக்டர் அப்பாதுரையிடம் நடையாய் நடந்தார்.

"ஏம்பா, குடல்னாலே காத்து. காத்துக்குள்ள என்னத்தைப் பாக்கறது?"

"சுவர் தடிச்சிருந்தா தெரியும் சார். ஒரே ஒரு ஆளைப் பாருங்க."

"சரி. தெரிஞ்சா புதன்கிழமை காலைல உன் ஆளுங்களுக்குன்னே ஒதுக்கித் தர்றேன். தெரியலன்னா இந்தப் பேச்சை விட்டுடணும்."

ஸ்கேனுக்கு வெறும் வயிற்றோடு வரச்சொல்லியிருந்தார் அஸ்லம். மாயவனும் அவர் மனைவி அம்சவள்ளியும் அப்படியேதான் வந்தார்கள். அஸ்லம் வந்துசேர்வதற்குள், ஸ்கேன் சென்டர் வாசலில் பெயர் எழுதிக்கொண்டிருந்த பெண், கர்ப்பிணிகளுக்குச் சொல்வதையே இவருக்கும் சொன்னாள்: "தண்ணி நிறைய குடிச்சுட்டு, முட்டினா சொல்லுங்க."

வெளித் தண்ணீர் பட்டால் மாயவனுக்கு வயிறு போகும். மூடி உடைக்காத பாட்டில் என்றால்தான் நம்பிக்கை. அம்சவள்ளி எதிர்க்கடையில் சோடாவாக வாங்கி வந்து கொடுத்துக்கொண்டே இருந்தாள்.

"போதும்டி, ஏப்பமா வருது."

"குடிய்யா. பொண்ணுங்கல்லாம் குடிக்குதுங்க, உனக்கு என்ன வந்துச்சு?"

உள்ளே ஜெல்லைத் தடவிக் கருவியை வைத்ததும் திரை முழுக்க வெள்ளையாக நின்றது. அப்பாதுரை அழுத்திப் பார்த்தார், புரட்டிப் பார்த்தார். "பாத்துக்கோப்பா. ஒண்ணும் தெரியல."

"மாயவன், என்ன சாப்பிட்டீங்க?" என்றார் அஸ்லம்.

"ஒண்ணும் சாப்பிடல சார். சோடாதான். தண்ணி குடிக்கச் சொன்னாங்களே."

"சார், இது சோடாக் காத்து. மதியம் வரைக்கும் இருந்து இன்னொரு தடவை..."

"வெளிய பதினஞ்சு பொம்பளைங்க ஒண்ணுக்கு அடக்கிக்கிட்டு உக்காந்திருக்காங்கப்பா" என்றபடி அப்பாதுரை அடுத்த பெயரைக் கூப்பிடச் சொன்னார்.

அந்த வாரம் மாயவன் மாத்திரை வாங்க வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. அஸ்லம் உப்பளத்துக்கே தேடிப் போனார். வரப்பில் இவரைக் கண்டதும் அம்சவள்ளி தலைக்கூடையை இறக்கிவிட்டுச் சிரித்தாள். "ஸ்கேன்லயே ஒண்ணுமில்லன்னுட்டாங்களே சார். மாரியாத்தாளுக்குப் பொங்க வெச்சோம்."

"தெரியலன்னுதாம்மா சொன்னாரு. இல்லன்னு சொல்லல."

"இருந்தா தெரியாம போகுமா சார்? வயித்துல இருக்கற புள்ளையே தெரியுதே."

மாயவன் பாத்திக்குள் நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தார். கன்னம் ஒட்டியிருந்தது. மாத்திரையை அன்றைக்கே நிறுத்திவிட்டாராம்.

"திடீர்னு நிறுத்தக்கூடாது மாயவன். குடல் அடைச்சுக்கும். நான் திரும்ப ஸ்கேனுக்கு ஏற்பாடு பண்றேன்" என்றார் அஸ்லம். அப்பாதுரை இனி ஒத்துக்கொள்ள மாட்டார் என்று அவருக்குத் தெரியும்.

"திரும்பப் பாத்தா இருக்குதுன்னு வந்துடுமா சார்?"

"வரலாம்."

"அப்ப எதுக்கு சார்?"

பக்கத்துப் பாத்தியில் இருந்தவன் சிரித்தான். "மாமா, டாக்டர் உன்ன விடமாட்டாரு போலருக்குது."

மாயவன் சிரிக்கவில்லை. உப்பு வாரும் பலகையை ஊன்றிக்கொண்டு குனிந்தார். ஒரு கை அடிவயிற்றைப் பிடித்திருந்தது. அம்சவள்ளி அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பி, கூடையை நிரப்பத் தொடங்கினாள்.

"நேத்து வெயிலு ஜாஸ்தி சார்" என்றாள். "அதான்."