பச்சை அடிபம்பு

“அப்போ, மண்ணுக்கடியில இருந்து வர்றதையும் இது எடுத்துடுமா?”

“மண்ணுக்கடியில என்ன இருக்கு, புதையலா? இவரு கேக்கறதப் பாரு! தம்பி, நீ அந்தச் சின்ன மெஷினோட வெலையச் சொல்லு.”

“சின்னது கிருமியத்தான் கொல்லும் மாசிமா. ஐயா கேக்கற மாதிரி எல்லாத்தையும் எடுக்கணும்னா பெருசுதான்.”

பலாஷ் சித்தி முறையில் ‘மாசிமா’ என்று கூப்பிட்ட பாருல் அரிவாள்மணையில் உட்கார்ந்து கெண்டைமீனின் செதிலைச் சீவிக்கொண்டிருந்தாள். தண்ணீர் சுத்தம் செய்யும் இயந்திரம் விற்க வந்த பலாஷ், கிருஷ்ணநகரிலிருந்து மோட்டார் சைக்கிளில் இரண்டு பெட்டிகளைக் கட்டிக்கொண்டு வந்திருந்தான். வந்ததும் வராததுமாக அவள் ஒரு துண்டு வெல்லமும் ஒரு சொம்பு தண்ணீரும் நீட்டினாள். ஒரே மூச்சில் குடித்தான். இன்னொரு சொம்பு கேட்டு வாங்கிக் குடித்தான். “இவ்ளோ நல்ல தண்ணிய வெச்சுக்கிட்டு என்னை எதுக்குக் கூப்பிட்டீங்க?” என்று தன் வியாபாரத்துக்குத் தானே உலை வைத்துக்கொண்டான்.

அவளும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். தலைப்பிரசவத்துக்கு மகள் மிதுல் வரப்போகிறாள் என்று தெரிந்த நாளிலிருந்து அவள் கணவர் நிஷிகாந்த் இதே பேச்சாக இருந்தார். பிய்ந்த செருப்பைத் தன் தையற்கடை மெஷினிலேயே தைத்துப் போட்டுக்கொள்ளும் மனிதர், இருப்பதிலேயே பெரிய இயந்திரத்தை வாங்கவேண்டும் என்றார். அப்பாவாகப் போகிறவனைவிடத் தாத்தாவாகப் போகிறவருக்குத்தான் பித்துப் பிடிக்கும் என்று அவள் தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தாள்.

முற்றத்து மூலையில், பலாமரத்தடியில் இருந்தது அந்த அடிபம்பு. மாமனார் இறந்தபோது அவர் நினைவாக, யாரும் தாகத்தோடு இந்த வாசலைத் தாண்டிப் போகக்கூடாது என்று போட்டது. சிமெண்டு மேடையில் அவர் பெயர் செதுக்கியிருந்தது. மற்ற வீட்டுப் பம்புகளில் வாளியெல்லாம் செங்காவி படியும். இதில் கண்ணாடி மாதிரி வரும், பருப்பு பூப்போல வேகும். அதனால் தெருப் பெண்கள் எல்லாருடைய குடமும் காலையும் மாலையும் இங்கேதான் வரிசை நிற்கும். அந்தத் தண்ணீரால்தான் தெருவுக்கே அவள் பௌதி, மூத்த அண்ணி.

“சரி தம்பி, பெருசோ சின்னதோ, மொதல்ல என் தண்ணியில என்ன கொறைன்னு காட்டு. ஆனா அந்த ரெண்டு கம்பிய மட்டும் வெளியில எடுக்காத. கரண்ட் குடுத்தா கங்கா ஜலம்கூடச் சாக்கடையாத்தான் தெரியும். என் தங்கச்சி வீட்டுல ஒருத்தன் அப்படித்தான் ஏமாத்திட்டுப் போனான்.”

பையிலிருந்து பாதி வெளியே வந்திருந்த கம்பிகளைப் பலாஷ் அசடு வழிய மறுபடி உள்ளே தள்ளினான். “உங்ககிட்ட பருப்பு வேகாது மாசிமா. வேற சோதனை ஒண்ணு இருக்கு. கம்பெனியில குடுத்தது, இன்னும் பிரிக்கவே இல்ல.”

“சோதனையெல்லாம் எதுக்கு?” நிஷிகாந்த் பட்டென்று சொன்னார். “பெருச மாட்டிட்டுப் போப்பா. மிதுல் வர்றதுக்குள்ள வேலை முடியணும்.”

பாருல் நிமிர்ந்து பார்த்தாள். சுண்ணாம்பு டப்பாவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். “மாப்பிள்ளை பாக்கும்போதுகூட இவ்ளோ அவசரப்படல. நீ பண்ணு தம்பி.”

அவளே எழுந்து பம்பை அடித்து ஒரு புட்டியில் தண்ணீர் பிடித்துக் கொடுத்தாள். பலாஷ் பொடிகளைக் கொட்டி, மூடியில் ஒரு வெள்ளைத் தாளைச் செருகி இறுக்கி மூடினான். தண்ணீருக்குள் குமிழிகள் மெல்ல எழுந்தன. காத்திருந்த நேரத்தில் அவனுக்குக் கல்யாணம் ஆகவில்லை என்பதையும், மீன் பிடிக்காது என்பதையும் அவள் கறந்துவிட்டாள். “மீன் சாப்பிடாத வங்காளியா! உனக்கு எவன்டா பொண்ணு குடுப்பான்?” என்று அவள் சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவன் மூடியைத் திறந்து தாளை உருவினான்.

நனைந்த மண்ணின் நிறத்தில் இருந்தது.

டப்பாவின் பக்கவாட்டில் நிறங்கள் வரிசையாக அச்சாகியிருந்தன. பலாஷ் தாளை ஒவ்வொன்றின் பக்கத்திலும் வைத்துப் பார்த்துக்கொண்டே போனான். கடைசி நிறத்துக்கு வந்தும் அவன் விரல் நிற்கவில்லை. பிறகு தான் குடித்த சொம்பை ஒருமுறை பார்த்தான்.

“ஆர்செனிக், மாசிமா. பாஷாணம்.”

“போடா.”

“நெஜமாத்தான். நான் விக்கறதுக்காகச் சொல்லல.”

“நான் காய்ச்சித்தானே குடுக்கறேன்! அவரு உடம்புக்காக, தெனமும் பாதியா வத்தற வரைக்கும்...”

“தண்ணிதான் வத்தும் மாசிமா. அது வத்தாது.”

மீன் செதில் ஒட்டியிருந்த தன் கைகளை அவள் எங்கே வைப்பதென்று தெரியாமல் தூக்கியபடியே நின்றாள். நிஷிகாந்தின் உள்ளங்கைகள் அவர் மடியில் கிடந்தன. அரிசியைப் புதைத்து வைத்தது போன்ற முண்டுகள். கத்தரிக்கோல் பிடித்துப் பிடித்து வந்த காய்ப்பு என்று வருஷக்கணக்காக அதில் களிம்பு தடவி வந்தாள். நெஞ்சில், புழுதியில் முதல் தூறல் விழுந்ததுபோலக் கரும்புள்ளிகள். அதற்கும் அதே களிம்புதான். ராத்திரி அவர் கேட்கும் ஒரு டம்ளர் வெந்நீரை அவளேதான் ஆற்றித் தருவாள்.

“இருக்காது,” என்றாள். “சர்க்கார் ஆளுங்க வந்து எல்லாப் பம்பையும் பாத்தாங்களே. நான் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தப்போ. கெட்டதுக்குச் சிவப்பு அடிச்சாங்க, நல்லதுக்குப் பச்சை. நான் வர்றப்போ நம்மளுது பச்சைதானே?”

பலாமரத்தில் ஏதோ ஒரு பறவை சிறகைக் கோதிக்கொண்டிருந்தது.

பாருலின் கண் பம்பின் கைப்பிடிக்குப் போனது. தெருப் பெண்களின் கைகள் தேய்த்துத் தேய்த்து அங்கே பச்சை உதிர்ந்து, அடியில் ஒரு சிவப்பு தெரியும். நாள்தோறும் பார்த்த சிவப்பு. இரும்புக்கு முதலில் அடிக்கும் செந்தூரப் பூச்சு என்று நினைத்திருந்தாள். அப்படி நினைத்ததாகக்கூட இப்போதுதான் தெரிந்தது. மிதுல் அறையின் ஜன்னல் கதவும் அதே பச்சைதான். ஒரே டப்பா.

“நீங்களா?”

“அவங்க செவப்பு அடிச்ச மறுநாளே மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பொண்ணு பாக்க வர்றதா இருந்தது,” என்றார் நிஷிகாந்த், சுண்ணாம்பு டப்பாவிடம் பேசுவதுபோல. “செவப்புப் பம்பு வீட்டுல யாரு பொண்ணு எடுப்பா, மிதுல் அம்மா? உடம்புல விஷம் ஊறின பொண்ணும்பாங்க. கல்யாணம் முடிஞ்சதும் சொல்லிடலாம்னு இருந்தேன்.”

“முடிஞ்சு எத்தனை மழை போச்சு?”

“நானும் இதத்தானே குடிச்சேன்,” என்றார். “ஒரு நாள்கூட வேற தண்ணி குடிக்கல.”

அவள் எதிர்வீட்டைப் பார்த்தாள். போன மாதம் எதிர்வீட்டுக் குழந்தைக்கு முதல் சோறு ஊட்டினார்கள். பாயசத்துக்குத் தண்ணீர் இங்கிருந்துதான் போனது. அண்டா அண்டாவாக இவரே சிரித்துக்கொண்டு அடித்துக் கொடுத்தார்.

“பெரிய மெஷின் ஒரு வீட்டுக்குத்தான் ஆகும்...” என்று தொடங்கிய பலாஷ், தான் என்ன சொல்கிறோம் என்று உறைத்து, பேச்சை விட்டுவிட்டுப் பெட்டியின் கயிற்றைப் பிடித்தான்.

வாசல் தட்டி கிறீச்சிட்டது. எதிர்வீட்டு ரேபா குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, மறு கையில் குடத்தோடு வந்தாள். அந்நிய ஆளைக் கண்டதும் முக்காட்டைப் பல்லால் இழுத்துக்கொண்டாள். “மெஷினா? உங்களுக்கு எதுக்கு பௌதி மெஷின், நாங்க சிரிக்கறதுக்கா?” என்றபடி, மாமனாரின் பெயருக்கு மேலே, குழாயின் வாய்க்குக் கீழே குடத்தை வைத்தாள். குழந்தை எட்டிக் கைப்பிடியின் சிவந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது.

“இவன் எறங்க மாட்டேங்கறான். கஞ்சிக்கு நேரமாச்சு. கொஞ்சம் அடிச்சுக் குடுங்க பௌதி.”