சரிங்க, போயிட்டு வரட்டும்

1

இந்தக் கதையை யாரோ எனக்குச் சொன்னதாக முதல் வரைவில் எழுதியிருந்தேன். பொய். சட்டை தைக்க அளவு கொடுக்கப் போய், இரண்டு கைகளையும் விரித்தபடி நான் அங்கேயேதான் நின்றிருந்தேன்.

2

முதல் தொடக்கம்: 'அந்தத் தையல்காரிக்கு இரண்டு கண்கள் போதவில்லை, ஆயிரம்...' (அடித்துவிட்டேன். வாக்கியம் நன்றாக இருக்கிறது. அவள் பாடு அப்படி இல்லை.)

இரண்டாவது தொடக்கம்: ஒரே வீட்டில் இரண்டு வகை மறதிநோய். கணவரின் அக்காவுக்கு நினைவு கழன்றுகொண்டே போகும் வகை. கதவு திறந்திருந்தால் கிளம்பிவிடுவார். கணவருக்கு, இல்லாதவையெல்லாம் கண்ணுக்குத் தெரியும் வகை. அலமாரிக்குள் குழந்தைகள், தையல் மிஷின் மேல் பூனை.

"மறுத்துப் பேசாதீங்கம்மா, மிரண்டுடுவாரு. ஒத்துப் போங்க" என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவளும் பழகிக்கொண்டாள். பூனைக்கு இடம் விட்டுத்தான் துணியைப் பரப்புவாள்.*

* இது நான் சேர்த்ததல்ல. கண்ணால் பார்த்தேன்.

3

காலை பதினோரு மணி. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த கணவர் சொன்னார்: "அக்கா கேட்டைத் திறந்துட்டுப் போறா."

"சரிங்க, போயிட்டு வரட்டும்" என்றாள் அவள், என் கை நீளத்தைக் குறித்தபடி.

நான் சிரித்தேன். (இந்த இரண்டு வார்த்தைகளை எழுத நான்கு வரைவுகள் பிடித்தன.)

கழுத்தளவு, மார்பளவு எல்லாம் முடிந்த பிறகுதான் உள்ளறைக்குப் போனாள். அக்காவின் கட்டில் காலியாக இருந்தது. "அண்ணி!" என்று அவள் போட்ட சத்தம் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை.

4

முடிவு அ: லாரிக்காரர் பிரேக்கை... (மாட்டேன்.)

முடிவு ஆ: இரண்டு மணி நேரம் கழித்துப் பெட்ரோல் பங்கில் கிடைத்தார். வெறுங்காலில் நடந்து உள்ளங்கால் கொப்புளித்திருந்தது. நடந்தது இதுதான். நல்ல கதையென்றால் இங்கேயே முடிந்திருக்கும்.

5

சட்டையை வாங்கப் போனபோது அவள் பாதியாகியிருந்தாள். இப்போது கணவர் எதைச் சொன்னாலும் விழுந்தடித்து ஓடுகிறாள். அலமாரியைக்கூடத் திறந்து பார்க்கிறாள்.

"நேத்து மட்டும் முப்பது தடவை ஓடியிருப்பேங்க. ஒண்ணுமே இல்ல. எனக்கு என்ன பயம் தெரியுமா? ஒருநாள் முடியாம உக்காந்துடுவேன். அன்னைக்குச் சொல்றதுதான் நிஜமா இருக்கும்."

ஆறுதலாக ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கணவரின் குரல் வந்தது: "அக்கா கேஸைத் திறந்துவிட்டுட்டா."

அவள் எழவில்லை. எழ முயன்றாள், முழங்கால் கேட்கவில்லை. பயந்த கண்களால் என்னைப் பார்த்தாள்.

"நீங்க போய்ப் பாக்குறீங்களா?"

இதற்கு மேல் நான் எழுதப் போவதில்லை. சமையலறை பத்தடி தூரத்தில்தான் இருக்கிறது. எனக்கு இதுவரை எந்த வாசனையும் வரவில்லை.

உங்களுக்கு வருகிறதா?