கதவை அறைந்து சாத்துகிறவன்

டிராக்டர் கேபின் கதவைத் திறந்த நிலையில் தாங்கி நிறுத்தும் கேஸ் ஷாக்கர் மறுபடியும் செயலிழந்திருந்தது. கையை எடுத்தால் கதவு படாரென்று மூடிக்கொண்டது. ஆகவே மெக்கானிக் வேலையை முடிக்கும்வரை அதைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பொறுப்பு, வண்டிச் சொந்தக்காரரின் மனைவிக்குத் தம்பியான மைத்துனனுக்கு வந்தது. பிடிப்பதற்கு அவனிடம் எட்டு விரல்கள் இருந்தன. மீதி இரண்டும் இருந்தன, மடங்கத்தான் மறுத்தன.

அவ்விரண்டையும் நசுக்கியது இதே கதவு. சென்ற ஆண்டு, சரிவில் வண்டியை நிறுத்தி அவன் இறங்கும்போது ஷாக்கர் கைவிட்டது. கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவில் அவன் கை. வண்டிச் சொந்தக்காரரான அத்தான் மருத்துவமனையிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார்: கோபத்தில் கதவை அறைந்து அறைந்து சாத்தியே இவன் அதைக் கெடுத்தான். அன்றிலிருந்து வண்டியை ஓட்டுவது அத்தானின் மகன். மைத்துனன் அதைக் கழுவுகிறான். வீட்டில் எந்தக் கதவு சத்தமாக மூடிக்கொண்டாலும் பிள்ளைகள் "மாமா வந்தாச்சு" என்பார்கள். அக்கா சிரித்துவிட்டுத்தான் அதட்டுவாள்.

அவன் கோபக்காரன் அல்லன். ஆனால் அதைக் கோபப்படாமல் நிறுவ அவனுக்கு வழி தெரியவில்லை.

மெக்கானிக் மெல்லிய திருப்புளியால் கிளிப்பை நெம்பி ஷாக்கரைக் கழற்றப்போனவர், கழற்றாமல் அதையே பார்த்தார்.

"அண்ணே, இதை யார் மாட்டினது?"

"நான்தான்," என்றார் பக்கத்தில் நின்ற அத்தான். "இதுக்கெல்லாமா ஆள் வைப்பாங்க? ஷாக்கரை மாட்டற கீழ்க் குமிழ் ஆடுதேன்னுதான் உன்னையே கூப்பிட்டேன்."

"தலைகீழா மாட்டியிருக்கீங்க. உள்ளேயிருந்து நீளுற கம்பி கீழ்ப்பக்கம் வரணும். அப்பத்தான் உள்ளே இருக்கற எண்ணெய், கேஸை அடைச்சு வெச்சிருக்கற ரப்பர் சீல் மேல நின்னு, அதைக் காயவிடாது. இப்படி மாட்டினா சீல் காஞ்சு, கேஸ் கொஞ்சம் கொஞ்சமா போயிடும். ஒரு வருசம் தாங்கினதே பெருசு."

"யார்கிட்ட கதை விடறே? இதுக்கு முந்தினதையும் நான் இப்படித்தான் மாட்டினேன்!"

சொல்லி முடித்த பிறகுதான் தாம் சொன்னது அத்தானுக்குக் கேட்டது. நடந்தது எதுவும் அறியாத மெக்கானிக், "அப்ப அதுவும் இப்படித்தான் போயிருக்கும்" என்றபடி புதியதன் உறையைப் பிரித்தார்.

மைத்துனன் கதவை விடவில்லை.

"அத்தான்."

"என்ன மாப்ளே."

"கை போனது போனதுதான். வண்டியும் வேண்டாம். நான் அறைஞ்சு கெடுக்கலைன்னு வீட்ல ஒரு வார்த்தை சொல்லிடுங்க. அக்கா இருக்கறப்ப, பிள்ளைங்க இருக்கறப்ப."

"சொல்றேன்யா. அதுக்கென்ன இப்ப?"

குமிழை முறுக்கி, கம்பி கீழ்ப்பக்கம் வர, மெக்கானிக் புதியதை அழுத்தினார். 'டக்' என்று அமர்ந்தது. மைத்துனன் கையை எடுத்தான். கதவு நின்றது.

மதியம் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். அத்தான் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். மைத்துனன் சோற்றில் கை வைக்காமல் காத்திருந்தான்.

"ஷாக்கர் மாத்தியாச்சு," என்றார் மகனிடம். "முன்னாடி போட்டதெல்லாம் மட்டச் சரக்காம். மெக்கானிக்கே சொல்றான்."

அக்கா நிமிர்ந்தாள். "அப்ப தம்பி கெடுக்கலையா?"

அத்தான் தட்டைப் பார்த்தார்.

"மட்டச் சரக்கு. அதையும் அறைஞ்சு சாத்தினா எத்தனை நாளைக்குத் தாங்கும்?"

அந்நேரம் காற்றில் பின்கதவு அடித்துக்கொண்டது.

"மாமா வந்தாச்சு!" என்றாள் சின்னவள், மாமா எதிரிலேயே உட்கார்ந்திருக்க. எல்லாரும் சிரித்தார்கள்; அத்தானும், சற்றுத் தாமதமாக.

மைத்துனன் எழுந்தான். கை கழுவ வேண்டியிருக்கவில்லை. பின்கதவைத் திறந்து வெளியேறி, தாழ் விழும் ஓசைகூட எழாதபடி, அதைப் பின்னால் சாத்தினான். அவன் போனது யாருக்கும் கேட்கவில்லை.