எழுதாத மூன்றாவது வரி

கட்டளையை அடித்து என்டரைத் தட்டியதும் கர்சர் நின்றுவிட்டது. வேறு எதை அடித்தும் திரையில் ஒரு எழுத்துகூட விழவில்லை. ஊருக்கு வெளியே இருந்த கிடங்கின் ரவுட்டருக்குள், தலைமை அலுவலகத்துத் தன் மேஜையிலிருந்தபடியே நுழைந்து வேலை செய்துகொண்டிருந்தவள், சாவியை உள்ளே வைத்துவிட்டுக் கதவை இழுத்துச் சாத்தியவள்போல உட்கார்ந்திருந்தாள்.

கணக்குப் பிரிவிலிருந்து நெட்வொர்க் பிரிவுக்குத் தானே கேட்டு வந்தவள் அவள். மாதக் கடைசிவரை பார்க்கலாம் என்றிருந்தார் மேனேஜர். சரிப்படாவிட்டால் பழைய நாற்காலி அப்படியேதான் இருக்கிறது என்றும் சொல்லியிருந்தார். அந்த நாற்காலியில் இன்னும் யாரும் உட்காரவில்லை. "கணக்குல தப்பினா அடிச்சுட்டு எழுதலாம் அண்ணி, இதுல தப்பினா?" என்று நாத்தனார் சிரித்தது வேறு காதிலேயே இருந்தது.

வேலை சின்னதுதான். வெளியிலிருந்து இரண்டு இணைய முகவரிகள் கிடங்கு ரவுட்டரை ஓயாமல் தட்டிக்கொண்டிருந்தன. அவற்றை உள்ளே விடாதே என்று இரண்டு வரி எழுதி, ரவுட்டரின் வாசலில் பொருத்த வேண்டும். அப்படிச் சொல்லிவிட்டுப் 'புயல்' சாப்பிடப் போயிருந்தான். பிரிவில் அவன்தான் சீனியர்; வயதில் அவளுக்கு இளையவன். ஒரு டீயை அரை நாள் குடிப்பதால் வந்த கேலிப் பெயர்.

போன் அடித்தது. கிடங்குக்காரர். பில் எதுவும் வரவில்லையாம், லாரிகள் வாசலில் நிற்கின்றனவாம். அவள் லைன் கோளாறு என்றாள். சுவரில் இருக்கும் ரவுட்டர் பெட்டியின் பிளக்கை எடுத்துத் திரும்பச் சொருகச் சொன்னாள். அடித்த கட்டளைகளை அவள் இன்னும் சேமித்திருக்கவில்லை. கரண்ட் போய் வந்தால் பெட்டி அவற்றை மறந்து பழையபடி எழுந்துவிடும். அவர் மாட்டேன் என்றார். ஒருமுறை செல்போன் சார்ஜருக்காக அந்தப் பிளக்கை எடுத்துவிட்டு, எல்லார் முன்னாலும் வாங்கிக் கட்டிக்கொண்டவர்.

"தொடாதேன்னு பெருசா எழுதி ஒட்டினது உங்க பிரிவு ஆளுங்கதானே? தொட்டா ஒரு பேச்சு, தொடலைன்னா ஒரு பேச்சா?"

"லைன்ல ஒண்ணும் இல்லண்ணே," என்றாள் அவள். "நான்தான் தப்பா எதையோ போட்டுட்டேன்."

அந்தப் பக்கம் ஒரு லாரி ஹாரன் அடித்து ஓய்ந்தது.

"மேனேஜர் கேட்டா உன்னைத்தான் கைகாட்டுவேன் தங்கச்சி."

"காட்டுங்கண்ணே."

அவர் பிளக்கை எடுத்துச் சொருகிய கொஞ்ச நேரத்தில் கிடங்கு உயிர்பெற்றது, பில்களும் ஓடின. அவளுக்குத்தான் நிம்மதி வரவில்லை. தான் அடித்த இரண்டு வரிகளையும் கணக்குப் பார்ப்பவள்போல ஒவ்வொரு எண்ணாகச் சரிபார்த்தாள். பிசகே இல்லை. இரண்டு பேரை விடாதே என்றால் ஊரையே எப்படி நிறுத்தும்?

புயல் வந்து எல்லாவற்றையும் கேட்டான். அவன் முகத்தில் வந்த சிரிப்பைப் பார்த்தாலே தெரிந்தது, விடை அவனிடம் இருக்கிறது. வாயைத் திறக்கப் போனவனைக் கையமர்த்தினாள்.

"சொல்லாதீங்க தம்பி."

அலமாரியிலிருந்த பழைய ரவுட்டரை இறக்கி, இரு பக்கமும் ஒவ்வொரு கணினியை இணைத்து, ஒன்றிலிருந்து மற்றதை ஓயாமல் கூப்பிடவிட்டாள். பதில்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்தன. அதே இரண்டு வரிகளைப் போட்டாள். பதில் நின்றது. இந்தக் கணினிகளைப் பற்றி அந்த வரிகளில் ஒரு பேச்சும் இல்லை. அப்படியானால் சொல்லாதவரையும் இது விடுவதில்லை. எழுதியதற்குக் கீழே, யாரும் எழுதாத ஒரு வரி எப்போதும் இருக்கிறது: மற்ற எல்லாரையும் தடு. கணக்கில் எழுதாதது இல்லாதது. இங்கே எழுதாததுதான் எல்லாவற்றையும் நிறுத்தியிருக்கிறது.

மூன்றாவதாக, மற்ற எல்லாரையும் விடு என்று தானே ஒரு வரி எழுதினாள். பதில்கள் ஓட ஆரம்பித்தன. அதை அழித்தாள், நின்றன.

உள் போன் அடித்தது. புயல் எடுத்து, ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு, "அக்கா, மேனேஜர். உடனே வரணுமாம்" என்றான்.

"வர்றேன்னு சொல்லுங்க."

எழுந்தவள் உட்காராமலே குனிந்து அந்த வரியை மறுபடி அடித்தாள். ஒரு கை நாற்காலியின் முதுகில் இருக்க, பதில்கள் ஒவ்வொன்றாகத் திரையில் கீழிறங்குவதைப் பார்த்தபடி நின்றாள்.