மூச்சுக்குப் பூட்டு

என் மகள் நான் வேலை பார்க்கும் கல் பட்டறைத் தூசியைப் பற்றி ஆராய்ச்சி செய்தாள். கல் அறுக்கிறவன், மெருகு போடுகிறவன் எல்லோரையும் மூச்சை அளக்கும் ஒரு குழாயில் ஊதச் சொன்னாள். அவர்களை இழுத்து வந்தது நான்தான். "ஊதுங்கடா, காசா பணமா" என்றேன். மெருகுக்காரன் கடைசியாக வந்தான்.

"பொண்ணு கேட்டா ஊதமாட்டேனாண்ணே? பக்கத்து ஊர் அடுப்பே அணையிற மாதிரி ஊதுறேன் பாருங்க" என்றான். பாதி ஊதும்போதே இருமல் வந்துவிட்டது.

அவள் எழுதியதை ஒரு பெரிய ஆராய்ச்சிப் பத்திரிகை ஏற்றுக்கொண்டது. ஒரு சாயங்காலம் கேட்டாள்.

"அப்பா, பத்திரிகையில காசு கட்டுறவங்கதான் படிக்க முடியும். என் பிரதியை எங்க பல்கலைக்கழகத் தளத்துல போட்டா யார் வேணா சும்மா படிக்கலாம். பத்திரிகைக்காரங்களும் போடலாம்னுட்டாங்க. உங்க ஆளுங்க விஷயம், அதான் உங்களக் கேக்குறேன்."

"சும்மாவா? எவன் சும்மா குடுப்பான்? உன் உழைப்பைத் திருட வழி பண்றானுங்க. பூட்டியே வை."

"இதுல திருட என்னப்பா இருக்கு?"

"வீட்டைத் திறந்து போட்டா நாய் நுழையாம என்ன பண்ணும்?"

அவள் அதைத் தளத்தில் போடவில்லை. ஜெயித்துவிட்ட மிதப்பில் இன்னொரு டீ கேட்டு வாங்கிக் குடித்தேன்.

போன வாரம் மெருகுக்காரன் வீட்டுக்கு வந்தான். மாடிப்படி ஏறியதில் மூச்சு இரைத்தது. இருமல் சிகரெட்டால் வந்தது, தூசியால் இல்லை என்கிறாராம் முதலாளி. இவன் ஜென்மத்தில் சிகரெட் தொட்டதில்லை. அந்த ஆராய்ச்சி கையில் இருந்தால், தூசியில்லாத வேலைக்கு மாற்றச் சொல்லி அழுத்தமாக எழுதித் தருகிறேன் என்று டாக்டர் சொன்னாராம். அவரே தேடியும் பார்த்தாராம்.

"அந்தப் பத்திரிகை பூட்டுப் படத்தைக் காட்டிக் காசு கேக்குதுண்ணே. ஊதினது நான். அதை நானே காசு குடுத்துப் பாக்கணுமாம்!"

அவன் சிரித்தான். எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. உள்ளே இருந்து மகள் வந்தாள்.

"தப்பு என்னோடதுதான் சித்தப்பா. எல்லாரும் படிக்கிற மாதிரி போட்டிருக்கணும். விட்டுட்டேன்."

"அட விடும்மா. படிச்ச பிள்ளைக்கு ஆயிரம் சோலி."

பெற்ற பிள்ளை என் பழியைத் தூக்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு நிற்கிறது. நான் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எத்தனையோ பேரைத் திருடன் என்று ஏசிய வாய் இது.

"அவ இல்லடா. நான்தான் போடாதேன்னேன்" என்றேன்.

"ஏண்ணே?"

"எவனாவது திருடிருவான்னு."

மெருகுக்காரன் சிரிப்பை நிறுத்தினான்.

"எதை? என் இருமலையா?"

மகள் கணினியைத் திறந்து, பிரதியைத் தளத்தில் ஏற்றினாள். அவன் போனுக்கும் ஒன்று அனுப்பினாள். அவன் அவளுக்கு மட்டும் நன்றி சொன்னான். டீ வேண்டாம் என்றுவிட்டான்.

எங்கள் வீட்டுப் படி செங்குத்தானது. இறங்கும்போது எப்போதும் என் தோளைப் பிடித்துக்கொள்வான். அன்றும் எழுந்து போய்ப் பக்கத்தில் நின்றேன். அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு, நின்று நின்று இறங்கினான்.