நாலாவது நாற்காலி

மாலைக் கல்லூரியின் சமூகவியல் வகுப்பில் எல்லோருக்கும் மூத்தவள் அவள்தான். பகலில் பல் மருத்துவமனையில் வரவேற்பு வேலை, சாயங்காலம் பாடம், அதற்கப்புறம் வீட்டில் சமையல். கூடப் படிக்கிற பிள்ளைகளுக்கு அவள் அக்கா; வீட்டில் மூத்த மருமகள்.

அந்த வாரம் பேராசிரியை ஒரு பயிற்சி கொடுத்தார்.

"எழுதாத விதிகள் எல்லா வீட்டுலயும் இருக்கும். மீறுற வரைக்கும் அது விதின்னே நமக்குத் தெரியாது. ஒண்ணை மீறிப் பாருங்க. யார் என்ன பண்றாங்கன்னு கவனிங்க. முடிஞ்சதும் இது பாடம்தான்னு அவங்ககிட்ட கட்டாயம் சொல்லிடணும்."

எதை மீறுவது என்று மற்றவர்கள் ஆளுக்கொரு யோசனை சொல்லிச் சிரித்தார்கள். அவள் யோசிக்கவே இல்லை.

வீட்டில் சாப்பாட்டு மேசைக்கு நாலு நாற்காலி. மாமனார், கணவன், கொழுந்தன் மூவரும் உட்காருவார்கள். நாலாவதில் எப்போதும் இஸ்திரி போட வேண்டிய துணி குவிந்திருக்கும். மாமியாரும் அவளும் நின்று பரிமாறிவிட்டு, ஆறிப்போனதை அடுக்களையில் சாப்பிடுவார்கள். இப்படித்தான் இருக்க வேண்டும் என்று யாரும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய தேவையே வந்ததில்லை.

அன்று துணியை அள்ளிக் கட்டிலில் போட்டாள். பாத்திரங்களை மேசை நடுவில் வைத்துவிட்டு, தனக்கும் ஒரு தட்டோடு உட்கார்ந்தாள்.

கொழுந்தன் சிரித்தான். "என்ன அண்ணி, விருந்தாளியா வந்திருக்கீங்களா?"

"உடம்பு சரியில்லையா?" என்றான் கணவன்.

முதலில் கேலி, அடுத்து கவலை, அப்புறம் கோபம். பாடத்தில் படித்த வரிசை அச்சுப் பிசகாமல் வந்தது. மாமனார் காலி டம்ளரை மேசையில் தட்டினார். அந்தச் சத்தம் கேட்டதும் அவள் கால் தானாக எழப் பார்த்தது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. மாமியார் ஓடிவந்து தண்ணீர் ஊற்றி, "என்னடி கூத்து இது?" என்று பல்லைக் கடித்தார்.

சாப்பிட்டு முடித்ததும் சொன்னாள். "காலேஜ்ல கொடுத்த பயிற்சி, மாமா."

வீடே மூச்சு விட்டது. "அட, பாடத்துக்குத்தானா! பயந்தே போயிட்டேன்" என்று கணவன் சிரித்தான். மாமியார் துணியைக் கொண்டுவந்து பழைய இடத்தில் போட்டார்.

மறுநாள் துணி மறுபடியும் கட்டிலுக்குப் போனது.

"அதான் பாடம் முடிஞ்சுபோச்சே?" என்றான் கணவன்.

"முடிஞ்சுபோச்சு. நேத்து பாடத்துக்காக உக்காந்தேன். இன்னைக்கு சாப்பிட உக்காந்திருக்கேன்."

மாமனார் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார்.

"படிப்பு தலைக்கேறிடுச்சு. இனிமே காலேஜ் வேண்டாம்!" என்று கத்தினான் கணவன்.

"போவேன்." அவள் குரல் உயரவில்லை. பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டாள். "அத்தை, நீங்களும் வாங்க."

"உன் திமிர்ல எனக்குப் பங்கு வேண்டாம்மா." அடுக்களையில் பாத்திரங்கள் உருண்டன.

கட்டுரையில் முதல் நாளை மட்டும் எழுதினால் போதும் என்றார் பேராசிரியை. "அடுத்த நாள்லேர்ந்து நடக்கிறது ஆய்வு இல்ல, உன் வாழ்க்கை." அவளுக்கும் அது சரியென்றே பட்டது.

மாமனார் வீம்புக்கு ஒரு வேளை பட்டினி கிடந்தார். பிறகு வந்து உட்கார்ந்தார், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு. மாமியார் இன்னும் அடுக்களையில்தான் சாப்பிடுகிறார். கொழுந்தன் மட்டும் முணுமுணுத்துக்கொண்டே தண்ணீரைத் தானே ஊற்றிக்கொள்ளப் பழகிவிட்டான்.

"இன்னும் எத்தனை நாளைக்கு இந்தப் பிடிவாதம்?" என்று கணவன் ஒருநாள் கேட்டான்.

ஆவி பறக்கிற பாத்திரத்திலிருந்து இன்னொரு கரண்டி எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

"எனக்குப் பசிக்கிற வரைக்கும்."