ஒரு மணி நேர ஏழைகள்

மலைமேல் இருக்கும் தேவாலயத்தில் ஆண்டுதோறும் பிப்ரவரியில் வசதியுள்ளவர்கள் ஒரு மணி நேரம் ஏழைகளாக இருந்து பார்ப்பார்கள். கால் மணி நேரம் ஒரு வாரமாகக் கொள்ளப்படும். வங்கி மேலாளர் வேலையிழந்த தச்சராவார். பல் மருத்துவர் மூன்று குழந்தைகளின் தாயாவார். அவர்களை அலைக்கழிக்கும் அதிகாரிகளாக நடிக்க, அடிவாரத்தில் சக்கரம் வைத்த தகர வீடுகள் வரிசையாக நிற்கும் டிரெய்லர் குடியிருப்பிலிருந்து எங்களை அழைப்பார்கள். அந்தத் தொழிலை எதிர்ப்பக்கத்தில் நின்று கற்றவர்கள் நாங்கள். கூலி, மதிய உணவு. உணவிலும் ஒரு விதி உண்டு: ஆட்டத்தின் முடிவில் வீடு உள்ளவர்களுக்கு வெள்ளை விரிப்பிட்ட மேசையில் மாட்டிறைச்சி வறுவலும் ஆப்பிள் கேக்கும், வீடிழந்தவர்களுக்குச் சுவரோரம் நின்றபடி காகிதக் கோப்பையில் சூப்.

இம்முறை எனக்குக் காவலர் வேடம். வெர்னாவுக்கு வீட்டு உரிமையாளர் வேடம். அவள் என் பக்கத்து டிரெய்லரில் இருப்பவள். முதியோர் இல்லத்தில் துணி துவைப்பவள். அவள் வீட்டுத் தண்ணீர்க் குழாய் உறைந்து வெடித்து மூன்று வாரமாகியிருந்தது. பெட்ரோல் நிலையத்திலிருந்து வாளியில் தண்ணீர் சுமந்து இரண்டு பிள்ளைகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். பழுதுபார்க்க வேண்டியவர் குடியிருப்பின் முதலாளி ஹாலிஸ் ட்ராவர். சிலமுறை பேசிய பின் அவர் தொலைபேசியை எடுப்பதை நிறுத்திக்கொண்டார்.

அந்த ட்ராவர்தான் கழுத்தில் ‘வாடகைக் குடித்தனக்காரர்’ என்ற அட்டையுடன் வெர்னாவின் மேசைக்கு வந்தார். ஆட்டத்தில் வாரத்துக்கு ஒரு துன்பச் சீட்டு எடுக்க வேண்டும்; இரண்டாம் வாரத்தில் அவருக்கு விழுந்தது, ஒழுகும் கூரை.

“ஏம்மா, கூரை ஒழுகுது. சரி பண்ணிக் குடு.”

“வேற யாரும் ஒண்ணும் சொல்லலையே.” வெர்னா தன் நகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஒழுகுறது என் வீட்ல!”

“குளிர்காலம்னா அப்படித்தாங்க இருக்கும். வெயில் வந்தா தானா சரியாயிடும்.”

அந்த வாக்கியங்கள் எங்கள் குடியிருப்பில் எல்லோருக்கும் மனப்பாடம். இயற்றியவருக்கு மட்டும் அவை புதியனவாக இருந்தன.

“அப்ப வாடகை கிடையாது, போ!”

வெர்னா என் பக்கம் திரும்பினாள். “ஆபீசர், ஐயாவ வெளிய கூட்டிட்டுப் போங்க.”

விதிப்படி, வீடு போனதற்கு அடையாளமாக அவருடைய நாற்காலியைக் கவிழ்த்து வைத்தேன். நிஜக் காவலர்கள் இவ்வளவு பணிவு காட்டுவதில்லை.

ஆட்டத்தை நடத்தும் பாதிரியாரின் மனைவி எடித்திடம் ட்ராவர் முறையிட்டார். “எந்த வீட்டுக்காரன் இப்படிப் பேசுவான்? கொஞ்சமாவது நம்புற மாதிரி நடிக்க வேண்டாமா?”

“வீட்டுக்காரங்க மனசு வச்சாத்தாங்க திரும்ப உள்ள போகலாம். விதி அப்படி,” என்றார் எடித்.

ஆட்டம் முடியும் நேரம் நெருங்க, சமையலறையிலிருந்து இறைச்சி மணம் வந்தது. வீட்டைக் காப்பாற்றிக்கொண்ட வங்கி மேலாளர் முள்கரண்டியை உயர்த்திக் காட்டினார். “ட்ராவர், சூப்பு ஆறிடப் போகுது!”

ட்ராவர் மறுபடி வந்து குரலைத் தாழ்த்தினார். “உனக்கு என்னதான் வேணும்?”

“தண்ணி.”

“என் சீட்டுல கூரைதானேம்மா இருக்கு?”

“என் வீட்ல தண்ணி. இங்கயே போன் போடுங்க, நான் கேக்கணும்.”

“அது வேற, இது வேற.”

“ஆமாங்க. அங்க சூப்புகூடக் கிடையாது.”

அவர் வங்கி மேலாளரின் மேசையை ஒருமுறை பார்த்தார். பிறகு தொலைபேசியை எடுத்துக் குழாய் பழுதுபார்ப்பவரை அழைத்தார். “இன்னைக்கே போய்யா... ஞாயித்துக்கிழமைன்னு எனக்கும் தெரியும்... ரெட்டைக் கூலியா? சரி, தொலை.”

நான் நாற்காலியை நிமிர்த்தி வைத்தேன்.

உணவின்போது, இந்த ஒரு மணி நேரத்தில் என்ன கற்றீர்கள் என்று ஒவ்வொருவரையும் எடித் கேட்டார். ட்ராவர் கேக்கை விழுங்கிவிட்டு எழுந்தார்.

“மனசு வச்சு உழைச்சா, போன வீட்ட யாரும் மீட்டுக்கலாம். நானே உதாரணம்.”

எல்லோரும் கைதட்டினார்கள். வெர்னாவின் கைதட்டல்தான் கடைசியில் ஓய்ந்தது.

அன்று மாலை அவள் வீட்டுக் குழாயில் முதலில் பழுப்பாகவும் பிறகு தெளிவாகவும் தண்ணீர் வந்தது. பிள்ளைகள் குளித்து முடித்த பிறகு, வாளிகள் இரண்டையும் அவள் நிரப்பி மூடி வைத்தாள். அடுத்த ஆட்டம் அடுத்த பிப்ரவரியில்தான்.